சுவடி படித்த நூலகர்

1905-ஆம் ஆண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு ஓர் ஓலைச்சுவடியைக் கொடுத்தார். கிரந்த எழுத்து. நூலகர் சாம சாஸ்திரி அதைப் படித்து, கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் என்று கண்டறிந்தார். 1909-இல் நூல் அச்சேறியது.

அந்த நூலகம் 1916-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது.

சாம சாஸ்திரி செய்தது போன்ற சுவடிப் பணி, செய்து பழக வேண்டிய தொழில். ஓலையை மென்தூரிகையால் துடைத்து, மங்கிய எழுத்தின்மேல் விளக்குக் கரி தடவினால் வரி துலங்கும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசினால் ஓலை உடையாது, பூச்சியும் அண்டாது. பழைய எழுத்துகளைப் படிக்கவும் சுவடிகளைப் பாதுகாக்கவும் 2003-இல் தொடங்கிய தேசியச் சுவடிகள் இயக்கம் நாடெங்கும் பயிலரங்குகள் நடத்தியது.

பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் நேயர்களே, இத்தகைய சுவடிப் பயிற்சிக்குச் சுற்றறிக்கை வந்தால் தள்ளிப்போடாதீர்கள். உடனே பெயர் கொடுங்கள்.