பெயர்ப் பலகை



மதுரையிலிருந்து திண்டுக்கல் ரோட்டில் பரவையைத் தாண்டினால் சமயநல்லூர். காலை ஆறு மணிக்கே ரோட்டோரக் கடைகளில் இட்லிக் கொப்பரை கொதிக்கத் தொடங்கிவிடும். வேலைக்குப் போகிறவர்கள் வண்டியை ஸ்டாண்ட் போட்டு, நின்றபடியே நாலு இட்லியைப் பிட்டுப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். நான் வழக்கமாக நிற்கிற கடை ஒரு அக்காவுடையது. வீட்டு வாசலில் தகரம் இறக்கிய கடை. காரச் சட்னிக்காகவே வருகிறவர்கள் உண்டு. கடைக்குப் பெயர் கிடையாது.

ஒருநாள் சில்லறை எடுக்க அக்கா உள்ளே போனார். பாதி திறந்த கதவு வழியே சுவரில் அம்பேத்கர் படம் தெரிந்தது. புதுச் சட்டம் போட்ட பெரிய படம், மாலைகூட வாடவில்லை. “இவ்வளவு நல்லா இருக்கு, கடையில மாட்டலாமேக்கா” என்றேன். சில்லறையை எண்ணி என் கையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: “வெளிய மாட்டுனா இட்லி மிஞ்சிரும் தம்பி.”

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொன்னார்.

டீக்கடைகளில் இருந்த இரட்டை டம்ளரைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அது கல்லாவுக்கு இந்தப் பக்கம், வாங்க வந்தவருக்கு நடந்த அவமானம். தனி டம்ளர் வைத்தால் கேஸ் போடலாம். 1955இலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. கல்லாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் பட்டியல் சாதிக்காரர் என்று தெரிந்து, ஒருவர் வண்டியைப் பத்தடி தள்ளி அடுத்த கடையில் நிறுத்தினால்? எந்த ஸ்டேஷனிலும் கேஸ் எடுக்க மாட்டார்கள். வாங்குவதும் வாங்காததும் அவரவர் விருப்பம் என்று முடிந்துவிடும்.

இந்த அடி அக்காவுக்கு மட்டும் விழுந்ததல்ல. அந்தப் படத்தில் இருந்தவருக்கே விழுந்தது. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917இல் திரும்பிய அம்பேத்கர், பம்பாயில் பங்கு முதலீட்டுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அந்த ஊரில் அவரைவிடப் படித்த ஆலோசகர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் இன்ன சாதி என்று தெரிந்ததும் வந்துகொண்டிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். தொழிலை மூட வேண்டியதாயிற்று. சந்தைக்குச் சாதி தெரியாது என்று சொல்கிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம்.

அப்படியானால் யாருமே முன்னேறவில்லையா? முன்னேறினார்கள். பெரும்பாலும் ஊரைத் தாண்டித்தான். நம் ஊர்ப் பெயரையே தாங்கிய ஒருவர் இருந்தார்: ராவ்பகதூர் பெ.மா. மதுரைப் பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் சார்ந்த வியாபாரம் செய்து செல்வந்தரானவர். அங்கே பள்ளிக்கூடம் நடத்தினார். புலவர்கள் அவரைப் பாடிய பாடல்களைத் திரட்டி ‘மதுரைப் பிரபந்தம்’ என்று ஒரு நூலே வந்தது. சென்னையில் பெண்கள் மாநாட்டில் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ பட்டம் தந்தபோது முன்னின்ற மீனாம்பாள் சிவராஜ் இவருடைய பேத்தி. கப்பலில் சரக்கு ஏற்றுகிறவரிடம் வெள்ளைக்காரக் கேப்டன் தெருப் பெயரையா கேட்டிருப்பான்? சரக்கு நேரத்துக்கு ஏறியதா என்றுதான் கேட்டிருப்பான். கடலுக்கு அப்பால் திறந்த கதவு இங்கே, பிறந்த மண்ணில், எத்தனை பேருக்குத் திறந்திருந்தது? மதுரைப் பிள்ளை என்ற பெயரை நம் மதுரைப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்கள்?

பெயரை மறைக்காமல் அதையே தலைப்பாகப் போட்ட மனிதரும் ஒருவர் உண்டு. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். பெயர் ‘பறையன்’. எந்தச் சொல்லை ஊர் வசவாக வீசியதோ, அதே சொல்லைப் பெரிய எழுத்தில் அச்சடித்து விலை வைத்து விற்றார். முதல் இதழ் இரண்டு நாளில் நானூறு பிரதி விற்றதாக அவரே தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். ஏழு வருடம் அந்தப் பத்திரிகை நடந்தது. 1907இல் அயோத்திதாச பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். காகிதம் வாங்கணும், அச்சுக்கூலி கொடுக்கணும், சந்தா வசூலிக்கணும். பத்திரிகை என்பது கொள்கை மட்டுமல்ல, அதுவும் ஒரு கடைதான். அந்தக் கடையை நடத்திக்கொண்டேதான் அவர்கள் தங்கள் வரலாற்றையும் எழுதினார்கள்.

கடையும் வரலாறும் இப்படி ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதை அமெரிக்கக் கறுப்பின மக்களின் கதையிலும் பார்க்கலாம். ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா என்று ஒரு நகரம். அதில் கிரீன்வுட் என்ற பகுதி. கறுப்பின மக்கள் தங்கள் காசில் ஹோட்டல், தியேட்டர், மருத்துவமனை, மளிகைக்கடை என்று தெருத் தெருவாகக் கட்டியிருந்தார்கள். 1921 மே 31 இரவு தொடங்கி மறுநாள் வரை ஒரு வெள்ளைக் கும்பல் அந்தப் பகுதியை எரித்துத் தரைமட்டமாக்கியது. நாலு பக்கமும் தெரு சூழ்ந்த ஏறக்குறைய 35 கட்டடத் தொகுதிகள் அழிந்தன. எரித்ததைவிடக் கொடுமை, அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்கள் அதைப் பற்றி வாய்திறக்கவில்லை. இப்படிப்பட்ட மௌனத்தை உடைக்கத்தான் கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர், அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் மகன், 1926 பிப்ரவரியில் ஒரு வாரத்தைத் தம் மக்களின் வரலாற்றுக்கென்று ஒதுக்கினார். 1976இல் அது ஒரு மாதமாக விரிந்தது. நம் நாட்டில் இப்போது ஏப்ரலைத் தலித் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள் என்றால், அந்த யோசனை அங்கிருந்து வந்ததுதான். இந்த இரு மக்களுக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தும் பழசு. 1946இல் அம்பேத்கர், கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு எழுதினார். அவரும் பதில் போட்டார்.

2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ் கொன்ற பிறகு அமெரிக்காவில் பலர் ஒரு காரியம் செய்தார்கள். கறுப்பினத்தவர் நடத்தும் கடைகளைப் பட்டியல் போட்டு, தேடிப் போய் வாங்கினார்கள். நல்ல காரியம். அதையே இங்கே செய்யலாமா என்று நானும் யோசித்தேன். சமயநல்லூரில் இந்த இந்தக் கடை பட்டியல் சாதியினருடையது, போய் வாங்குங்கள் என்று ஒரு தாள் அடித்து ஒட்டினால் என்ன ஆகும்? தேடி வருகிறவர் நாலு பேர் என்றால், விலகிப் போகிறவர் நாற்பது பேர் இருப்பார்கள். அங்கே தோலின் நிறம் கண்ணுக்குத் தெரியும். இங்கே சாதி கண்ணுக்குத் தெரியாது, விசாரித்தால்தான் தெரியும். அந்த விசாரிப்புக்குப் பயந்துதான் அக்காவின் படம் கதவுக்கு உள்ளே இருக்கிறது.

அதனால் இங்கே பட்டியல் அரசாங்கத்திடமும் பெரிய நிறுவனங்களிடமும் இருந்தால்தான் உபயோகம். புனேயில் மிலிந்த் காம்ப்ளே 2005இல் தொடங்கிய தலித் இந்திய வர்த்தகத் தொழில் கூட்டமைப்பு அந்த வழியில்தான் போனது. மத்திய அரசின் 2012 கொள்முதல் ஆணை, துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தாங்கள் வாங்குவதில் 4 சதவீதத்தைப் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோரின் சிறு நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கான அரசு நிறுவனமான தாட்கோ 1974இலிருந்து இருக்கிறது. 2023இல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் வந்தது. 35 சதவீத மூலதன மானியம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய். வட்டியில் 6 சதவீதச் சலுகை. படிப்புத் தகுதி கேட்பதில்லை. மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் சொல்வார்கள். உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது பயன்படும் என்றால் இன்றைக்கே சொல்லுங்கள்.

எங்கள் சமயநல்லூர் ஒரு காலத்தில் சட்டமன்றத் தனித்தொகுதி. 2008 மறுசீரமைப்பில் அந்தத் தொகுதியே இல்லாமல் போய், பக்கத்துச் சோழவந்தான் தனித்தொகுதியானது. ஓட்டுக்குத் தனித்தொகுதி உண்டு. கல்லாவுக்குக் கிடையாது. கடனை வங்கி கொடுக்கும், மானியத்தை அரசு கொடுக்கும். காலை ஆறு மணிக்கு வந்து இட்லி வாங்கும்படி எந்த அரசாணையும் போட முடியாது. அந்த இடத்தில் நாமும் நம் வண்டியும்தான்.

நேயர்களே, நான் கேட்பது பெரிய தியாகம் இல்லை. கடைக்காரர் யார் என்று விசாரிக்காதீர்கள். தற்செயலாகத் தெரியவந்தால், மறுநாளும் அதே இடத்தில் ஸ்டாண்ட் போடுங்கள். உங்கள் பிள்ளைக்கு மதுரைப் பிள்ளையின் கதையையும் சீனிவாசனின் கதையையும் சொல்லுங்கள். அந்தக் கதை தெரிந்த பிள்ளை வளர்ந்தபிறகு கடை மாறிப் போகாது.

போன மாதம் அக்காவைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். கிரைண்டர் வாங்கக் கடன் கேட்டிருக்கிறார். அதற்கு உத்யம் என்ற சிறுதொழில் பதிவு வேண்டும். ஆதார் எண்ணை அடித்து முடித்த பையன் திரும்பிப் பார்த்தான். “கடைப் பேரு என்னம்மா?” என்றான்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவர் மனதில் ஒரு பெயர் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கு வந்து சொல்றேன்ப்பா” என்றார்.