கீபோர்டு வேலை செய்யலைன்னா பயப்படாதீங்க

(கொல்லிமலை, செம்மேட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் ஒரு குழுவின் கணக்காளர் பேசியது)



போன மழைக்காலத்தில் எங்கள் குழுக் கூட்டம். கடனுக்காக மூன்று பேர் காத்திருந்தாங்க. டேப்லெட்டில் மாட்டுற கீபோர்டைத் தட்டினேன். ஒரு எழுத்தும் விழலை. "கணக்கெல்லாம் போச்சா?" என்றார் ஒரு அக்கா. எனக்குக் கை நடுங்கியது. கடன் ஒரு வாரம் தள்ளிப்போனது. பிள்ளைக்குக் கட்டணம் கட்ட இருந்தவர் கண்கலங்கிப் போனார்.

பிறகுதான் தெரிந்தது, கோளாறு சின்னது. கீபோர்டும் டேப்லெட்டும் சேரும் விளிம்பில் சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். அதில் ஈரமோ சாமைத் தூசியோ படிந்தால் தொடர்பு விட்டுப்போகும்.

என்ன செய்யணும்?

1. கீபோர்டைக் கழற்றி, அந்தப் புள்ளிகளை உலர்ந்த பருத்தித் துணியால் மெதுவாகத் துடைங்க. தண்ணீர், ஊசி வேண்டாம். நேராகப் பொருந்தும்படி மறுபடி மாட்டுங்க.

2. டேப்லெட்டை அணைத்துப் போடுங்க.

3. புளூடூத் கீபோர்டு என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்க. செட்டிங்கில் பழைய இணைப்பை நீக்கி, புதிதாக இணையுங்க.

4. அப்பவும் வரலையா? கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டு, எழுதுற கட்டத்தில் விரலால் தொடுங்க. திரையிலேயே எழுத்துகள் வரும். அன்றைய பதிவை முடிச்சிடலாம்.

கணக்கு கீபோர்டில் இல்லை. அதனால் கீபோர்டு நின்றால் கணக்கு அழியாது, கூட்டமும் நிற்க வேண்டாம். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கிக் கடைக்குப் போகுமுன் இதைச் செய்து பாருங்க. உங்கள் குழுவில் இன்னொருவருக்கும் கற்றுக்கொடுங்க.