அடைக்கப்பட்டவனின் வழக்கு



வீட்டிற்குக் கதவு வைப்பது வீட்டுக்காரனின் உரிமை. நாட்டின் எல்லையைக் காப்பது ஆட்சியாளரின் பொறுப்பு. மார்க்கம் இதை மறுக்கவில்லை. ஆனால் வாசலுக்கு வந்தவனை உள்ளேயும் விடாமல், வெளியேயும் விடாமல் காலமெல்லாம் அடைத்து வைக்கலாமா?

பூனையொன்றைச் சாகும்வரை அடைத்து வைத்த பெண் நரகம் புகுந்தாள் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இச்செய்தி உள்ளது. அவள் அதற்கு உணவும் தரவில்லை. தானே இரை தேடிக்கொள்ள அதை விடவும் இல்லை. பூனைக்கே இந்த விசாரணை என்றால், மனிதனுக்கு?

ஆஸ்திரேலியாவில், வீசா இன்றிப் படகில் வருவோரைக் கட்டாயக் காவலில் வைக்கும் சட்டம் 1992-இல் வந்தது. குவைத்தில் பிறந்த பாலஸ்தீனர் ஒருவர் 2000-ஆம் ஆண்டின் இறுதியில் அங்குச் சென்றார். அடைக்கலம் மறுக்கப்பட்டதும், தம்மைத் திருப்பி அனுப்பிவிடுமாறு தாமே வேண்டினார். அவரை ஏற்க எந்த நாடும் முன்வரவில்லை. அத்தகையவரை முடிவின்றிக் காவலில் வைப்பதும் செல்லும் என்று அந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. நால்வர் ஆம் என்றனர்; மூவர் மறுத்தனர். அத்தீர்ப்பு மாற 19 ஆண்டுகள் ஆயின. 2023 நவம்பரில், நாடற்ற ரோஹிங்கியர் ஒருவரின் வழக்கில், அண்மையில் திருப்பி அனுப்ப வழியில்லாதவரை அடைத்து வைக்கலாகாது என அதே நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது.

“முகாமில் உணவு தருகிறார்களே!” எனச் சிலர் கேட்கலாம். யூசுஃப் (அலை) அவர்களுக்கும் சிறையில் உணவு வந்தது. எனினும், சான்றுகளைக் கண்ட பின்னரும் அவரைச் சிறையிட்டதை அருள்மறை (12:35) அநீதியாகவே நமக்குக் காட்டுகிறது.

ஹபஷா மன்னர் நஜ்ஜாஷியைப் பாருங்கள். அடைக்கலம் தேடி வந்த ஸஹாபாக்களை ஒப்படைக்கும்படி குறைஷியர் பரிசுகளுடன் வந்து கேட்டனர். மன்னரோ முதலில் ஜஅஃபர் (ரலி) அவர்களைப் பேசவிட்டுக் கேட்டார். பிறகே தீர்ப்புச் சொன்னார். பரிசுகளைத் திருப்பி அனுப்பினார். எல்லையும் அவருடையது, நீதியும் அவருடையது.

பிள்ளைகளை வெளிநாட்டிற்கு அனுப்பும் பெற்றோர்களே! வீசாவும் ஓர் ஒப்பந்தம்தான். ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்லாஹ் (5:1) கட்டளையிடுகிறான். கெடு முடிந்த பின்னும் தங்கிவிடாதிருக்க அவர்களுக்கு அறிவுறுத்துங்கள். ஆயினும் மஹல்லாவாசி ஒருவர் அங்கே அடைபட்டால், ‘அவர் தேடிக்கொண்டது’ என ஒதுங்காதீர்கள். தூதரகத்திற்கு எழுத உதவுங்கள். இங்கே அவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பாருங்கள். சிறைப்பட்டவருக்கு உணவளிப்போரை அல்லாஹ் (76:8) புகழ்கிறான்.

யா அல்லாஹ்! அநியாயமாக அடைபட்டோருக்கு விடுதலையைத் தருவாயாக! அதிகாரம் பெற்றோரின் உள்ளங்களில் உன் அச்சத்தைத் தருவாயாக! ஆமீன்.