டீசல் விலையும் நமது நாட்சம்பளமும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், தலைவிகளுக்கான கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



கொழுந்து லொறி ஓடுவது டீசலில். ஹட்டன் பஸ்ஸும் டீசல், பதுளை ரயிலும் டீசல். ஆனால், நம் நாட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட எடுப்பதில்லை. சப்புகஸ்கந்தையில் சுத்திகரிப்பதும் கப்பலில் வந்த மசகு எண்ணெய்தான். அதற்குக் கொடுக்கும் டொலரில் ஒரு பங்கு நீங்கள் பறித்த கொழுந்தில் கிடைத்தது.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாதம் டீசல் லீற்றர் 460 ரூபாய். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. பஸ் கட்டணமும் ஆட்டோக் கூலியும் கூடின. நாட்சம்பளம் மட்டும் 1000 ரூபாயிலேயே நின்றது. பிரசவ வலி கண்ட பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லயமே சேர்ந்து காசு திரட்டியதை இங்குள்ள தாய்மார் அறிவார்கள்.

அயலில் என்ன நடக்கிறது? டாக்காவில் ஆட்டோக்கள் இயற்கை எரிவாயுவில் ஓடுகின்றன. அங்கே ஆட்டோவுக்குப் பெயரே 'சிஎன்ஜி'. இந்தியா தனது அகலப் பாதை ரயில்களை ஏறக்குறைய முழுவதும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது, அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியில் வந்தாலும். நமக்கு நெருக்கமான பாடம் நேபாளம். அதுவும் மலைநாடு, எண்ணெய் இல்லாத நாடு. 2015இல் எல்லை அடைபட்டு எரிபொருள் நின்றபோது பட்ட பாடு கொஞ்சமல்ல. இன்று அங்கே புதிதாக வரும் கார், வேன்களில் பாதிக்கு மேல் மின்சார வண்டிகள். ஆற்று நீரில் எடுத்த மின்சாரம் மலைப்பாதையில் வேன் ஓட்டுகிறது.

அந்த நீர் நம்மிடம் இல்லையா? லக்சபான மின்நிலையம் 1950இலேயே வந்தது. மவுசாகலைத் தண்ணீருக்குள் பழைய மஸ்கெலியா நகரமே கிடக்கிறது. வறட்சியில் கோயில் தலைகாட்டும். மின்சாரத்துக்காக இடம் கொடுத்த மலை இது. மழை குறைந்தால் நுரைச்சோலை நிலக்கரியை நம்ப வேண்டும், அதுவும் இறக்குமதிதான் என்பதையும் மறைக்கவில்லை. ஆனாலும் மின்சார பஸ் வரும் நாளில் அது கொழும்போடு நின்றுவிடக் கூடாது. தோட்டப் பாதைகள் இப்போது கிடக்கும் கிடையில் எந்த பஸ்ஸும் ஏறாது. முதலில் பாதை வேண்டும்.

பேச்சுவார்த்தை மேசைக்கு வெறுங்கையோடு போக முடியாது. ஒவ்வொரு டிவிசனிலும் பத்துக் குடும்பங்களிடம் கேளுங்கள்: பள்ளிக்கு, ஆஸ்பத்திரிக்கு, டவுனுக்கு மாதம் எவ்வளவு வண்டிக்காசு போகிறது? கொப்பியில் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.