குன்றக் குரவையும் கும்மிக் களமும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



வத்தலக்குண்டிலிருந்து பெரியகுளம் நோக்கிச் செல்லும் சாலையில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் கெங்குவார்பட்டி. தெருமுனையில் நின்று நிமிர்ந்தால் மலை தெரியும். இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் அம்மன் விழாக் காலங்களில் ஒரு சொல் வழங்கக் கேட்கலாம். அருள் வந்து ஆடியவர் ஆட்டம் தணிந்து, தண்ணீர் வாங்கிப் பருகி, திண்ணையில் சாய்ந்ததும், "சாமி மலையேறிவிட்டது" என்பர். இச்சொல் தமிழகம் எங்கும் உண்டு. மலையே காணாத காவிரிக் கழிமுகத்திலும் உண்டு. விளக்கு அணைந்தது என்று சொல்ல நா கூசிய மக்கள், விளக்கையும் மலையேற்றியே பேசினர். ஆயினும் மலையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இதனைச் சொல்லும்போது சொல்லுக்கு ஒரு திசை கிடைத்துவிடுகிறது. இறங்கி வந்த ஒன்று மீண்டும் ஏறிச் செல்கிறது. இறங்குதலுக்கும் ஏறுதலுக்கும் இடைப்பட்ட பொழுதே ஆட்டம்.

ஆடல் வழிபாட்டிற்கு அணி செய்வது, இறைவன் திருமுன் படைக்கப்படும் கலைப்பொருள் என்பது பொதுவாக நிலவும் கருத்து. கோயில் முதலில், ஆடல் பின்னர் என்ற வரிசை அதனுள் அடங்கியுள்ளது. கம்பம் பள்ளத்தாக்கின் சான்றுகளோ இவ்வரிசையை மாற்றி வைக்கின்றன. அச்சான்றுகளுள் மூத்தது சிலப்பதிகாரம்.

மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே மேற்கு நோக்கி நடந்து, நெடுவேள் குன்றம் ஏறி, வேங்கை மர நிழலில் நிற்கிறாள். பதினான்காம் நாளில் அவள் விண்ணகம் புகுவதைக் குன்றக் குறவர் காண்கின்றனர். கண்டவுடன் அவர்கள் செய்தது என்ன? சிலை வடிக்கவில்லை, கோயில் எடுக்கவில்லை. தொண்டகப் பறையையும் சிறுபறையையும் முழக்கச் சொல்லி, கொம்பு ஊதச் சொல்லி, மணியை இயக்கச் சொல்லி, இவளே நம் குலத்துத் தெய்வம் என்று குரவை ஆடினர். சேரன் செங்குட்டுவன் மலைவளம் காண வந்ததும், செய்தி அறிந்ததும், இமயத்துக் கல் கொணர்ந்ததும், வஞ்சியில் கடவுள் மங்கலம் செய்ததும் எல்லாம் அதற்குப் பின். கண்ணகி வழிபாட்டின் முதற் செயல் ஓர் ஆட்டம். கல் பிறகே வந்தது. வஞ்சிக் காண்டத்தைக் காட்சிக் காதையில் தொடங்காமல் குன்றக் குரவையில் இளங்கோ தொடங்கியது காரணமின்றி அன்று.

கூடலூருக்கு மேலே, தமிழக - கேரள எல்லை மலையில், மங்கலதேவி கோயில் சிதைந்த நிலையில் நிற்கிறது. பேராசிரியர் சி. கோவிந்தராசனார் கண்ணகி நடந்த வழியைத் தேடி ஆராய்ந்து, 1963ஆம் ஆண்டில் இதுவே கண்ணகி கோயில் என்று அறிவித்தார். நெடுவேள் குன்றம் திருச்செங்கோடே என்னும், பழைய உரைவழி வந்த கருத்தும் உண்டு. அவ்வழக்கை இந்த மேடையில் தீர்க்க வேண்டுவதில்லை. பள்ளத்தாக்கு மக்கள் தம் அளவில் தீர்த்துக்கொண்டுவிட்டனர். பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள் அமைந்த அக்கோயிலுக்கு ஆண்டில் ஒரே நாள், சித்திரை முழுநிலவு அன்று மட்டுமே மக்கள் செல்ல இயலும். பளியன்குடி வழியே கால்நடையாக ஏறுவோரும், குமுளி வழியே ஊர்தியில் செல்வோருமாக அன்று மலை நிறையும். மாலைக்குள் இறங்கிவிட வேண்டும். குரவை பிறந்ததாக நம்பப்படும் களத்தில் இன்று குரவைக்கு நேரமில்லை. காடு காக்கப்பட வேண்டியதே. எனினும் இந்த முரண் நினைவில் நிற்க வேண்டியது.

இளங்கோ ஆடலை ஒரு வகையாகக் காட்டவில்லை. அரங்கேற்று காதையில் கோல் கொண்டு அளந்த அரங்கு எழுகிறது. ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். அரசன் வீற்றிருக்கிறான். மாதவி ஆடித் தலைக்கோல் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். அது காண்போர்க்கான ஆடல். பிறகு வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என்னும் மூன்று இடங்களிலும் அளந்த அரங்கு இல்லை, பரிசில் இல்லை, காண்போர் என்று தனியே ஒருவரும் இல்லை. ஆய்ச்சியர் குரவையை மாதரியும் மகளும் கண்ணகிக்காகவே நிகழ்த்துகின்றனர் என்பது உண்மை. ஆயினும் அதன் பயன் பார்த்து மகிழ்வதன்று. குடப்பால் உறையவில்லை, உறிவெண்ணெய் உருகவில்லை, ஆவின் கழுத்து மணி அற்று விழுகிறது. தீங்கு வருகிறது, ஆகவே ஆடுவோம் என்கிறாள் மாதரி. எழுவர் இளம்பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை என ஏழிசையின் பெயர்களையே அவர்களுக்கு இடுகிறாள். ஒருத்தி மாயவன், ஒருத்தி பலராமன், ஒருத்தி நப்பின்னை. ஆடும் பொழுது ஆய்மகள் ஆய்மகளாக இல்லை.

அந்தக் குரவை பயன் தரவில்லை. கொலைக்களக் காதை முன்பே முடிந்துவிட்டது. அவர்கள் கைகோத்துச் சுழலும்போது கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான். ஆய்ச்சியர் அதனை அறியார், கற்போர் அறிவர். சடங்கு ஆட்டத்தைப் பற்றித் தமிழில் இதனினும் துணிவான ஒரு பக்கம் எழுதப்படவில்லை எனலாம். பத்தி உடையோர் சடங்கு பலித்த கதைகளையே எழுதுவர். பகுத்தறிவாளர் அது பொய் என்று எழுதுவர். இளங்கோ பலிக்காத குரவையையும் முழு அழகோடு பாடிவைத்தார். அச்சத்தில் பிறந்த குரவை மதுரையில் வீணாயிற்று. வியப்பில் பிறந்த குரவை மலையில் ஒரு தெய்வத்தைத் தந்தது.

அதே குன்றக் குரவைக்குள் வெறியாட்டு பற்றிய எள்ளலும் உண்டு. மகளின் மெலிவுக்குக் காரணம் காதல் என்று அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். வரும் வேலன் அறிவிலி. அவன் அழைக்க முருகன் வருவானாயின் அவன் அதனினும் அறிவிலி என்று தலைவி தோழியிடம் நகைக்கிறாள். முருகனைப் போற்றும் பாட்டுகளுக்கு நடுவே இந்த நகைப்பு! சங்க அகப்பாடல்களிலும் இதன் வேர் உண்டு. ஆட்டத்தை நம்பிய சமூகமே ஆட்டத்தின் பொய்யையும் அறிந்திருந்தது. இன்றும் கோடாங்கி உடுக்கை அடித்துக் குறி சொல்லும் இடத்தில், வாய்பொத்திச் சிரிக்கும் இளம்பெண்கள் இல்லாமல் இல்லை. அடுத்த நொடியில் அவர்களே கைகூப்புவதும் உண்டு. இதை முரண்பாடு என்று ஒதுக்குவோர் நாட்டார் சமயத்தின் உள்ளே நுழையவே முடியாது.

கெங்குவார்பட்டியை அடுத்த தேவதானப்பட்டியில், மஞ்சளாற்றங்கரையில் மூங்கிலணைக் காமாட்சியம்மன் கோயில் உள்ளது. அங்குக் கருவறைக் கதவு திறக்கப்படுவதில்லை. அடைத்த கதவுக்கே பூசை நடைபெறுகிறது. காண்பதற்கு உருவம் இல்லை. உருவம் கண்டு வணங்குதல் ஒன்றே வழிபாடு என்று கருதுவோர்க்கு இக்கதவு ஒரு வினா. காணாமலே வணங்கத் தெரிந்த மக்களுக்கு, தெய்வம் கல்லில் நிற்பது போலவே ஆளின் மேல் இறங்குவதும் இயல்பாகிறது.

இந்தப் பகுதியில் வாழும் இராசகம்பளத்து நாயக்கர்களின் தேவராட்டத்தை இங்குக் குறிப்பிட வேண்டும். தேனி, மதுரை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் பரவியுள்ள இம்மக்களின் குலதெய்வம் சக்கம்மா. தேவராட்டத்திற்குப் பாட்டு இல்லை. தேவதுந்துபி என்று அவர்கள் பெயரிட்டு வழங்கும் உறுமி மட்டுமே. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் உரசி எழுப்பும் அந்த உறுமலைக் கேட்டவர் மறக்கமாட்டார். காலில் சலங்கை, கையில் துணி. முன்னவர் அடி வைக்க, மற்றவர் தொடர்வர். திருமணத்திலும் ஆடுவர், கோயில் விழாவிலும் ஆடுவர், சாவிலும் ஆடுவர். சாவில் ஆடப்படும் ஓர் ஆட்டத்தைப் பொழுதுபோக்கு என்று எந்த அகராதி கொண்டு பெயர்ப்பது? மரபில் இதனை ஆடியவர்கள் ஆண்களே. கல்லூரி மேடைகளில் இப்போது பெண்களும் ஆடுகின்றனர். சென்னையில் 2007இல் தொடங்கிய சங்கமம் போன்ற விழாக்கள் இத்தகைய ஆட்டங்களை நகரப் பூங்காக்களுக்குக் கொண்டுவந்தன. பெண்கள் ஆடுவது நன்று. ஆனால் அரைமணி நேரம் என்று வரையறுத்து, ஒலிவாங்கிக்கு முகம் திருப்பி நிற்கும்போது இழப்பது அடவை அன்று. அடவுகள் அப்படியே இருக்கின்றன. யாருக்காக ஆடுகிறோம் என்பதுதான் இடம் மாறிவிடுகிறது.

இவ்வேறுபாட்டை மக்கள் நன்கு அறிவர் என்பதற்குக் கரகமே சான்று. சக்திகரகம் என்றும் ஆட்டக்கரகம் என்றும் அவர்கள் இரண்டாகப் பிரித்துள்ளனர். ஆற்றிலோ கிணற்றிலோ நீர் முகந்து, வேப்பிலை சூட்டி, காப்புக் கட்டியவர் தலையில் கோயிலுக்கு வருவது முன்னது. அதைச் சுமப்பவர் ஆடுவார். ஆனால் யாரும் கைதட்டமாட்டார். கிளி பொருத்திய குடத்தோடு நையாண்டி மேளத்திற்கு ஆடுவது பின்னது. அங்குக் கைதட்டாமல் இருப்பது மரியாதைக் குறைவு. இரண்டும் ஒரே இரவில், ஒரே கோயில் முன் நடைபெறும். ஒன்றை மற்றொன்றாகக் கருதுவார் இலர். ஆராய்ச்சியாளர் பல பக்கங்களில் எழுதும் சடங்கு - கலை வேறுபாட்டை இரண்டு பெயரில் முடித்துவிட்டனர். அண்மை ஆண்டுகளில் இவ்விரண்டிற்கும் அப்பால், திரைப்பாட்டுக்கு ஆடும் 'ஆடல் பாடல்' நிகழ்ச்சி விழாக்களில் புகுந்து, அதற்கு இசைவு வேண்டி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை வரை மனுக்கள் செல்கின்றன. அதைப் பற்றி இங்கு விரிக்க ஒன்றுமில்லை.

கோயிலுக்குள் பெண் ஆடிய மரபு வேறு வழியில் முடிந்தது. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாணச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழித்தது. கோயிலில் பெண்கள் ஆடுவதையும் தடை செய்தது. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடிய போராட்டத்தின் பயன் அது. பெண்ணை அடிமைப்படுத்திய ஒரு கட்டு அறுந்தது, அறுந்தே ஆகவேண்டியது. ஆடல் அதற்கு முன்பே அரங்கம் ஏறத் தொடங்கிவிட்டது. பாலசரசுவதி 1975இல் சென்னைத் தமிழிசைச் சங்க மாநாட்டில் ஆற்றிய தலைமையுரையில், பரதநாட்டிய உருப்படிகளின் வரிசையைக் கோயிலுக்கு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம் என்று தொடங்கிப் பதத்தைக் கருவறையாகக் கண்டார். கோயிலில் இடமிழந்த ஆடல், தன் உடலுக்குள் ஒரு கோயிலைக் கட்டிக்கொண்டது எனலாம்.

ஆனால் ஒரு வகைப் பெண்ணாடலை எந்தச் சட்டமும் தொடவில்லை. எந்த மேடையும் பெரிதாக விரும்பவில்லை. அது முளைப்பாரிக் கும்மி. காப்புக் கட்டிய நாளில் எருவும் வைக்கோலும் இட்ட ஓட்டில் பயறுகளை விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைப்பர். இருளில் வளர்வதால் நாற்று வெளிர்மஞ்சளாய் நீளும். முளைப்பாரி வளரும் நாள்களில் இரவுதோறும் பெண்கள் முற்றத்தில் வட்டமிட்டுக் கும்மி கொட்டுவர். வயல் வேலை முடித்து, உலை இறக்கி, பிள்ளைகளை உறங்கவைத்து வந்தவர்கள். பயிற்சி பெற்றவர் எவரும் இலர். எனவேதான் அது எவருடைய தொழிலும் ஆகவில்லை; விலைக்கும் போகவில்லை. குரவையின் வட்டத்தை இன்றைய தமிழகத்தில் தேடுவோர், அதனை அரங்கில் தேட வேண்டா. இந்த முற்றத்தில் தேடலாம்.

இவ்வட்டங்களைப் புனிதப்படுத்திப் பேசிவிட்டு அமர்வது எளிது. அது நேர்மையாகாது. வட்டத்திற்குள் யார் கைகோக்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் உண்டு, இன்னும் உண்டு. பறையடித்து அருளை இறக்கியவர் தேர் நின்ற தெருவுக்குள் கால்வைக்க முடியாத காலம் மிகத் தொலைவில் இல்லை. தெய்வத்தை அழைக்கும் அடியை அந்தக் கை தரலாம். இறங்கிய தெய்வத்தின் திருநீற்றை அந்தக் கை கடைசியில்தான் பெறலாம். குன்றக் குரவையில் பறை முழக்கியவரும் ஆடியவரும் ஒரே குடியினர் என்பதை இவ்விடத்தில் மீண்டும் படிக்க வேண்டும்.

கவிஞர்கள் நிறைந்த அவை இது. கும்மி அவர்களுக்கு ஒரு யாப்பாகத் தெரியும். பாரதி பெண்கள் விடுதலைக்குக் கும்மி எழுதினார். அவருக்கு முன்னும் பின்னும் சமயத்திற்கும் கட்சிக்கும் எழுதிய கும்மிகள் பல. அச்சில் ஏறியபோது அடி நின்றது, எதுகை நின்றது. கை நின்றுவிட்டது. முற்றத்தில் ஒருத்தி ஓரடி சொல்ல, மற்றவர் அதனையே திருப்பிச் சொல்வர். அந்தத் திருப்பத்தில்தான் அடுத்த அடி அவளுக்குத் தோன்றும். எழுதியவனுக்கு அந்த இடைவெளி தேவைப்படுவதில்லை; ஆகவே அச்சுப் புத்தகத்தில் அது இல்லை. களப்பணி செய்யும் மாணவர் பலரும் தனியே அமர்ந்து பாடச் சொல்லிப் பதிவு செய்வதால், பாடுபவள் மூன்றாம் அடியிலேயே மறந்து விழிப்பதுண்டு. எழுந்து நின்று கைகொட்டினால் நினைவு வரும். பாட்டு அவள் நாவில் இல்லை, காலில் இருக்கிறது.

விழாவின் இறுதி நாளில் முளைப்பாரிகளைத் தலையில் சுமந்து ஊர்வலமாகச் சென்று நீர்நிலையில் கரைப்பர். கரைப்பதற்கு முன் கடைசியாக ஒரு சுற்றுக் கும்மி. பிறகு நாற்று நீரோடு போகும். அருள் வந்து ஆடியவரும் அங்கேயே ஓய்வார். யாரோ ஒருவர், மலையை நோக்கிக் கைகூப்பி, அந்தச் சொல்லைச் சொல்வார். மறுநாள் காலையில் ஆடியவர் மாந்தோப்பில் வேலைக்கு நிற்பார். நேற்று என்ன சொன்னீர்கள் என்று கேட்டால், தெரியாது என்பார்.