மேலடுக்கு மடிந்தது, உள்ளடுக்கு பிழைத்தது

காற்றில்லை, நீரில்லை, புற ஊதாக் கதிரைத் தடுக்க ஏதுமில்லை. அத்தகைய விண்வெளியில் உயிர் தாக்குப்பிடிக்குமா?

ஜப்பானின் அகிஹிகோ யமகிஷி குழுவினர் இதைச் சோதித்தனர். 2015இல் அனைத்துலக விண்வெளி நிலையத்தின் ‘கிபோ’ ஆய்வுக்கூடத்திற்கு வெளியே, உலர்த்திய ‘டெயினோகாக்கஸ்’ பாக்டீரியாக்களை வைத்தனர். மூன்றாண்டுக்குப் பின், மெல்லிய படலங்கள் மடிந்திருந்தன. அரை மில்லிமீட்டர் தடிப்புள்ளவற்றிலோ மேலடுக்கு மடிந்து, உள்ளடுக்கைக் காத்திருந்தது. முடிவுகள் 2020இல் வெளியாயின.

உயிர் கோளுக்குக் கோள் பயணம் செய்திருக்கலாம் என்ற கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது, மெய்ப்பித்துவிடவில்லை. ஆனால் எச்சரிக்கை ஒன்றுண்டு. நமது கிருமி ஒட்டிய கலம் செவ்வாயில் இறங்கினால், அங்கே காணும் உயிர் எவ்விடத்தது என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் தரையிறங்கும் கலங்களைக் கிருமி நீக்கி அனுப்புகிறார்கள். தேடப் போகிறவர் கையில் தூய்மை வேண்டும்.