பிரித்தானிய வணிகருள் யாரைப் போற்றுவது?



“பிரித்தானிய வணிகத் தலைவர்களுள் போற்றத்தக்கவர் யாவர், எதனால்?” என்னும் பொருளை மன்றத்தார் நமக்குத் தந்தபோது, இஃது எளிய விடயம் என்றே எண்ணினோம். மிசன் பாடசாலையிற் படித்த நமக்கு அப்பெயர்கள் புதியன அல்ல. ஆங்கில வாசகப் புத்தகத்திலும், பரிசளிப்பு விழாக்களிற் கிடைத்த சரித்திர நூல்களிலும் அவர்களைச் சந்தித்திருக்கின்றோம். ஏழைப் பையன் விடியற்காலையில் எழும்புவான், ஒரு காசையும் வீணாக்கான், முடிவில் கோடீசுவரனாவான். பேச்சை எழுதவென்று உட்கார்ந்தபோதுதான் சங்கடம் தொடங்கிற்று.

முதலில் தோமஸ் லிப்ரனை எடுத்துக்கொண்டோம். இலங்கையில் இருந்துகொண்டு அவரை விட்டுவிட முடியுமா? கிளாஸ்கோ நகரில் 1848இல் ஏழை ஐரிஷ் பெற்றோருக்குப் பிறந்தவர். 1871இல் அங்கே ஒரு சிறு பலசரக்குக் கடை திறந்தார். விளம்பரத்திலே அவர் அசகாய சூரர். நத்தார் காலத்தில் ஒரு பெரும் பாலாடைக் கட்டியைச் செய்வித்து, அதற்குள்ளே பொற்காசுகளைப் புதைத்து விற்றார். சனங்கள் முண்டியடித்து வாங்கினார்கள். 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பிப் பயிரை நோய் அழித்திருந்தமையால் மலைநாட்டுத் தோட்டங்கள் மலிவாய்க் கிடந்தன. தம்பத்தென்ன முதலியவற்றை வாங்கினார். இடைத்தரகரை நீக்கி, தேயிலையைச் சிறு பொதிகளாகக் கட்டி, ஊர் விலையிலும் மிகக் குறைவாக விற்றார். பிரித்தானியத் தொழிலாளிக்குத் தேநீர் இன்னும் மலிவாய்க் கிடைத்தது. அந்நாட்டவர் அவரைப் போற்றுவதில் நியாயம் உண்டு.

கடலோரத்திற் பிறந்த நமக்கு அவருடைய பாய்க்கப்பற் கதைதான் அதிகஞ் சுவைத்தது. அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கு ‘ஷம்ரொக்’ என்னும் பெயரில் ஐந்து படகுகளை 1899 முதல் 1930 வரை அனுப்பினார். ஐந்து முறையும் தோற்றார். அவர் தோற்ற விதத்தை மெச்சி அமெரிக்க மக்களே பணஞ் சேர்த்து அவருக்குப் பொற்கிண்ணம் செய்து கொடுத்தார்கள். (அக்கடைசித் தோல்விக்கு எட்டு ஆண்டுகளின் பின், 1938இல், நம் அயலூராகிய வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ அதே அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டிய மேத்திரியாரின் சரித்திரம் நம்முடைய வாசகப் புத்தகத்தில் இருக்கவில்லை.)

1931இல் லிப்ரன் காலமானபோது தம் செல்வத்தின் பெரும் பகுதியைக் கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கென எழுதிவைத்தார். இந்த இடத்திலே நம் பேனா நின்றுவிட்டது. அச்செல்வத்தின் ஒரு பங்கு எங்கே விளைந்தது? அப்புத்தளை மலைச்சரிவிலே கொழுந்து பறித்த கைகளில் அல்லவா? அந்நாட் தோட்டங்களில் கங்காணி முற்பணத்தைக் கொடுத்துத் தொழிலாளியை அழைத்து வருவான். கடன் அவன் கழுத்திலே நிற்கும். தோட்டத்தை விட்டு மாறுவதானால் ‘துண்டு’ வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவனை விடுவிப்போம் என்று எழுதிய சீட்டு அது. மனிதனை அவனுடைய கடனோடு சேர்த்துக் கைமாற்றிய அந்தத் துண்டு முறையை ஒழிக்க 1921 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. கிளாஸ்கோவின் ஏழையைக் கண்ட கண்கள் தம்பத்தென்னையின் லயத்தைக் காணவில்லை.

வெள்ளைக்காரரை மட்டும் ஏசிவிட்டு இருந்துவிடலாகாது. யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்பு நம்மவர் பலரைத் தோட்டங்களில் எழுதுவினைஞராகவும் கணக்கப்பிள்ளையாகவும் இருத்தியது. பற்றுச்சீட்டை எழுதிய கைகளுள் நம்முடையவையும் உண்டு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர் மிகப் பலர் நாடற்றவர் ஆனபோதும், பின்னர் அவர்களின் பிள்ளைகள் நம் வீடுகளுக்குச் சிறு வேலைக்கு வந்தபோதும், நாம் எவ்வளவு வாய் திறந்தோம் என்பதை மூத்தோர் அறிவர். தங்கள் முன்னோர் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைத்து அம்மக்கள் 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள்.

சரி, வேறொருவரைப் பார்ப்போம் என்று யோர்ச் கட்பரியிடம் போனோம். குவேக்கர் சமயத்தவர், பக்திமான். நகரத்துப் புகையிலிருந்து சொக்கலேற் தொழிற்சாலையை 1879இல் போர்ன்வில்லுக்கு மாற்றி, பின்பு அதனருகே தோட்டத்தோடு கூடிய வீடுகள் அமைத்தார். 1900இல் அக்கிராமத்தைத் தருமச் சொத்தாக்கி விட்டுக்கொடுத்தார். ஆயினும் அந்தக் கொக்கோவில் ஒரு பகுதி போர்த்துக்கேயருக்குரிய சாவோ தோமே தீவிலிருந்து வந்தது. அங்கே அடிமை வேலை நடக்கிறதென்ற செய்தி 1901இலேயே கம்பனிக்கு எட்டிற்று. ஆள் அனுப்பி விசாரித்தார்கள்; அரசாங்கத்தோடு கடிதப் போக்குவரத்து நடத்தினார்கள்; கொக்கோவையும் வாங்கிக்கொண்டேயிருந்தார்கள். நிறுத்தியது 1909இல். இதைக் குத்திக்காட்டிய ‘ஸ்ராண்டேட்’ பத்திரிகை மீது மானநட்ட வழக்குத் தொடுத்தார்கள், வென்றார்கள். ஆனால் யூரிமார் விதித்த நட்டஈடு எவ்வளவு? ஒரு பார்திங்! பென்னியிற் காற்பங்கு. அந்த யூரிமாரின் பெயர்கள் கிடைத்தால் அவர்களையே இன்றைக்குப் போற்றியிருப்போம்.

சவர்க்காரம் விற்ற லீவர் துரையின் கதையும் ஏறத்தாழ இதே அச்சுத்தான்: பிறந்த நாட்டிலே தொழிலாளருக்கு அழகிய கிராமம், கொங்கோவின் எண்ணெய்ப்பனைக் காட்டிலே கட்டாய வேலை. விரிக்க நேரமில்லை.

கடைசியில் நம் மனம் ஜோன் ஸ்பீடன் லூயிஸ் என்பவரிடம் தங்கிற்று. வாசகப் புத்தகத்தில் இல்லாத பெயர். இலண்டனில் பெரிய துணிக்கடைக்காரரின் மகன். இளம் வயதிலே கடைக் கணக்கைப் புரட்டியபோது, தகப்பனாரும் தாமும் தம்பியாருமாக மூவர் எடுக்கும் தொகை, ஊழியர் அத்தனை பேரின் சம்பளத்திலும் கூடுதலாய் இருக்கக் கண்டார். 1909இல் குதிரையால் விழுந்து படுக்கையிலே கிடந்த நெடு நாட்களில் இதையே யோசித்தாராம். 1920இல், தம் பொறுப்பிலிருந்த கடையில் இலாபத்தை ஊழியரோடு பங்கிடத் தொடங்கினார். 1929இலும் 1950இலும் உறுதிகள் எழுதி வியாபாரம் முழுவதையும் ஊழியருக்கென்றே நம்பிக்கைப் பொறுப்பில் விட்டார். அந்த ஏற்பாட்டுக்கும் கடுங்காலம் வராமலில்லை. 2020இல், 1953க்குப் பின் முதன்முறையாக, ஆண்டுப் பங்கு இல்லையென்று அறிவித்தார்கள். ஆயினும் அவர் தருமஞ் செய்யவில்லை என்பதைச் சபையோர் கவனிக்கவேண்டும். உழைத்தவருக்கு உரியதை உழைத்த இடத்திலேயே கொடுத்தார்.

நம் ஊர் வழக்கம் என்ன? சந்நிதி முருகனை அன்னதானக் கந்தன் என்கின்றோம். அங்கே சோறு போட்ட கையை ஊர் மறவாது, மறக்கவும் கூடாது. நம்மவருள் ஒரு பெரிய முதலாளி காலமானால் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சிடுவோம். எந்தக் கோபுரத்துக்கு எவ்வளவு கொடுத்தார், எந்த மடத்தில் எத்தனை நாள் உபயம் என்பதெல்லாம் வரும். அவருடைய கொழும்புக் கடையிலே பின்கட்டிற் படுத்துறங்கிய பெடியன்களுக்கு மாதம் என்ன கொடுத்தார் என்று ஒரு கல்வெட்டிலும் நாம் வாசித்ததில்லை. லிப்ரனைப் பற்றி நம் புத்தகம் எழுதிய முறையும், முதலாளிமாரைப் பற்றி நாம் எழுதும் முறையும் ஒன்றாயிருக்கக் கண்டு உண்மையிலே வெட்கப்பட்டோம்.

தலைவர் அவர்கள் மணியைத் தொடுகின்றார். நம் வாக்கு லூயிஸுக்கு. கட்பரிக்கு அரை வாக்கு. லிப்ரனுக்கு வாக்கில்லை, அந்த ஐந்து படகுகளுக்காக ஒரு கைதட்டல் மட்டும். கூட்ட முடிவிலே மன்றத்தார் தேநீர் தருவார்கள். எந்தத் தோட்டத்துத் தேயிலை என்று சந்திக் கடைக்காரரிடம் காலையில் விசாரித்தோம். பக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அது இதிலை போடேல்லைத் தம்பி” என்றார்.